அப்பாவை இழந்த அக்கா மகள்: ஊருக்கு ஒரு காரணம், வீட்டுக்கு ஒரு காரணம் சொல்லணுமா?

வத்தலக்குண்டு மாமன்

எல்லாருக்கும் வணக்கம். எங்க அக்காவைக் கட்டிக்கொடுத்தது கொடைக்கானல் மேல்மலையில, பூம்பாறைக்கும் அப்பால ஒரு ஊர். மச்சான் பூண்டும் கேரட்டும் போட்டுட்டு இருந்தாரு. போன புரட்டாசியில தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்டாரு. அதுக்கு மேல அதைப் பத்தி எழுத எனக்கு மனசு வரல.

ரெண்டு பிள்ளைக. மூத்தவ பதினொண்ணாவது, சின்னவன் ஆறாவது. நான் கேக்க வந்தது மூத்தவளைப் பத்தி.

கேதம் கேக்க வந்தவங்க எல்லாருக்கும் நெஞ்சுவலின்னு சொல்லிடுங்கன்னு மச்சானோட தம்பி சொல்லிட்டாரு. நல்லெண்ணத்துலதான். ஆனா போலீஸ் வந்துச்சு, பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுபோனாங்க, துர்மரணம்னு வீட்டுக்குள்ள வைக்காம வாசல்லயே வச்சு எடுத்தாங்க. அம்புட்டையும் பாத்த ஊர்ல நெஞ்சுவலின்னா யாரு நம்புவா? சின்னவன் ஒருத்தன்தான் நம்பிட்டு இருக்கான். பாப்பாவுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே தம்பிகிட்ட, டீச்சர்கிட்ட, பஸ்ஸுல கூட வர்ற பிள்ளைககிட்ட அதே பதிலைச் சொல்லிட்டு இருக்கா.

அவ அழுகவே இல்ல. கருமாதி அன்னிக்குக்கூட அழுகல. விடிய எந்திரிச்சு அடுப்பைப் பத்த வைக்கிறா, தம்பியைக் கிளப்பி விடுறா, பள்ளிக்கூடம் போறா, வர்றா. பாக்குறவங்க "எம்புட்டுத் தைரியமான பிள்ளை"ங்கிறாங்க. எனக்குத்தான் பயமா இருக்கு. பொங்கலுக்கு மேல போயிருந்தப்ப, பாத்திரம் விளக்கிட்டு இருந்தவ திரும்பாமலே சொன்னா: "மாமா, அன்னிக்கு அப்பா எனக்கு போன் பண்ணாரு. நான் எடுக்கல." அவ்வளவுதான். அப்புறம் அதைப் பத்திப் பேசல.

இந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்றது? பள்ளிக்கூடத்துல யாராச்சும் கேட்டா அவ என்ன சொல்லணும்? சின்னவன்கிட்ட உண்மையைச் சொல்லலாமா?

நெறியாளர்

பதில் எழுதுகிறவர்கள் தயவுசெய்து அவர் இறந்த விதத்தைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம், ஊகிக்கவும் வேண்டாம். இதைப் படிக்கும்போது உங்களுக்கே மனம் தாங்காமல் போனால் 14416 (டெலி மானஸ், இரவும் பகலும், தமிழில் பேசலாம், கட்டணமில்லை) அல்லது சென்னை சிநேகா 044-24640050 எண்ணுக்கு அழையுங்கள். பதினெட்டு வயதுக்குள் இருப்பவர்கள் 1098ஐயும் அழைக்கலாம்.

தாண்டிக்குடி காப்பிக்காடு

தம்பி, உங்க துக்கத்துல நானும் பங்கெடுத்துக்கிறேன். ஆனா வயசுல பெரியவன்ங்கிற முறையில ஒண்ணு சொல்றேன். சொன்னது சொன்னபடியே இருக்கட்டும். பொம்பளப் பிள்ளை. நாளைக்குச் சம்பந்தம் பேச வர்றவன் "அந்த வீடா?"ன்னு கேப்பான். மலையில ஒரு ஊர்ச் செய்தி அடுத்த ஊருக்குப் போறதுக்கு பஸ்கூட வேண்டியதில்ல. அந்தப் பையனுக்கு என்ன வயசு? அவன் நெஞ்சுவலின்னு நினைச்சுட்டே வளந்துட்டுப் போகட்டுமே. பெரியவனானதும் தானா தெரிஞ்சுக்குவான். இப்பவே சொல்லி அந்தப் பிஞ்சு மனசைப் புண்ணாக்கணுமா?

மேல்மலைப் பொண்ணு

ஐயா, நீங்க அக்கறையிலதான் சொல்றீங்கன்னு தெரியுது. ஆனா நான் அந்தப் பிள்ளை இடத்துல இருந்தவ, அதனால எதிர்த்துச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

நான் பத்தாவது படிக்கும்போது எங்கம்மா இப்படித்தான் போனாங்க. எங்க வீட்டுல சொன்ன காரணம் வயித்துவலி. நர்சிங் படிக்கக் கோயம்புத்தூர் போற வரைக்கும் அந்த வயித்துவலியை நான் சுமந்தேன். ஒரு பொய்தானேன்னு தோணும். ஆனா எங்கம்மாவைப் பத்தி எந்தப் பேச்சை எடுத்தாலும் அது கடைசியில "எப்படி இறந்தாங்க?"ங்கிற கேள்வியிலதான் வந்து நிக்கும். அந்தக் கேள்விக்குப் பயந்து அம்மா பேச்சையே எடுக்கிறதை விட்டுட்டேன். எங்கம்மா நல்லாக் கும்மி பாடுவாங்க. கேரட் அறுப்புக்குப் போன இடத்துல எல்லாரையும் சிரிக்க வச்சுட்டே வேலை செய்வாங்க. அதை யார்கிட்டயும் சொன்னதில்ல. எப்படிச் செத்தாங்கங்கிறதை மறைக்கப் போயி, எப்படி வாழ்ந்தாங்கங்கிறதையும் பேச முடியாமப் போச்சு.

அழுகலைன்னு பயப்படுறீங்க. நானும் அப்ப அழுகல. ரேஷன் கார்டுல அம்மா பேரை நீக்கிட்டுப் புது அட்டை குடுத்தாங்க பாருங்க, அன்னிக்குத் தாலுகா ஆபீஸ் வாசல்லயே உக்காந்து அழுதேன். சிலருக்கு உடனே வரும், சிலருக்கு அப்படித்தான் வரும். அழுகச் சொல்லி வற்புறுத்தாதீங்க. "தைரியமான பிள்ளை"ன்னு சொல்றதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க. அப்படிச் சொல்லிச் சொல்லியே அழுகுறதுக்கு இடமில்லாமப் பண்ணிடுறாங்க.

அந்த போன் விஷயம்தான் முக்கியம். "அப்படியெல்லாம் நினைக்காதம்மா"ன்னு சொல்லிடாதீங்க. அது ஆறுதல் மாதிரித் தெரியும், ஆனா "இதைப் பேசாத"ன்னு சொன்ன மாதிரிதான் அவ காதுல விழும். "அன்னிக்கு என்ன நடந்துச்சு, சொல்லு பாப்பா, நான் கேக்குறேன்"னு மட்டும் சொல்லுங்க. நடுவுல எதுவும் சொல்லாதீங்க. முழுசா சொல்லி முடிக்கட்டும். என்கிட்ட அப்படிக் கேட்ட முதல் ஆள் என் ஹாஸ்டல் தோழி. எங்க வீட்டு ஆள் ஒருத்தர் கேட்டிருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும். அவ பாத்திரம் விளக்கும்போது உங்ககிட்டச் சொல்லிருக்கா. அப்ப நீங்கதான் அந்த ஆள்.

மனநலப் பணியாளர், திண்டுக்கல்

மேலே எழுதிய சகோதரி சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன்.

எந்தச் சாவும் துக்கம்தான். ஆனால் இந்த வகைச் சாவில் பிள்ளைகளுக்கு மூன்று சுமைகள் கூடவே வருகின்றன: ஏன் செய்தார் என்ற ஓயாத கேள்வி, என்னால்தானோ என்ற குற்ற உணர்ச்சி, யாருக்கும் தெரியக்கூடாது என்ற கூச்சம். இவற்றோடு அப்பா மேல் கோபமும் வரும். "எங்களை விட்டுட்டு எப்படிப் போகலாம்?" என்று கத்தலாம். அது வந்தால் அதட்டாதீர்கள். செத்தவரைத் திட்டக்கூடாது என்று நம் வீடுகளில் சொல்வோம். அந்தப் பிள்ளை திட்டவில்லை, தவிக்கிறாள்.

போன் விஷயம். நடந்து முடிந்த பிறகு திரும்பிப் பார்க்கும்போது எல்லாம் தெளிவான அடையாளமாகத் தோன்றும். அன்று அது தினமும் வருகிற அப்பா போன். இப்படிப்பட்ட முடிவுக்கு ஒற்றைக் காரணம் இருப்பதில்லை. கடன், விலை, உடம்பு, வெளியே தெரியாத மனநோய், தூக்கமின்மை, குடி என்று பல ஒன்று சேர்ந்து ஒருவரை அங்கே கொண்டு போகின்றன. எடுக்காத ஒரு போன் அந்தக் காரணம் ஆகாது. ஆனால் இதை அவள் முழுதும் பேசி முடித்த பிறகுதான் சொல்ல வேண்டும். முந்திக்கொண்டால் ஏறாது.

இன்னொன்று, இந்தப் பிள்ளைகள் எல்லாருமே உலகத்தில் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைக்கிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர் இப்படி இறந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்திருக்கும். மதுரை எம்.எஸ்.செல்லமுத்து அறக்கட்டளையில் 'ஸ்பீக்' என்ற முயற்சியைத் தொடங்கிய நந்தினி முரளி, தன் கணவரை இப்படி இழந்தவர். இழந்தவர்களே இழந்தவர்களோடு பேசுவதற்கு நம் பக்கத்திலேயே ஓர் இடம் இருக்கிறது என்பதை உங்கள் அக்காவுக்கும் சொல்லுங்கள். அவரைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. அவரும் துக்கத்தில் இருக்கிறார்.

கடைசியாக, கவனிக்க வேண்டியவை. தூக்கம் சாப்பாடு வாரக்கணக்கில் கெட்டுப்போவது, தோழிகளை விட்டு முழுக்க விலகுவது, தன் பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, "நானும் அப்பாகிட்டயே போயிடுறேன்" என்ற பேச்சு. இவற்றில் எது தெரிந்தாலும் நேராகக் கேளுங்கள்: "பாப்பா, சாகணும்னு உனக்குத் தோணுதா?" கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாமல் அன்றே கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ஆபத்தான எந்தப் பொருளும் கைக்கெட்டுகிற இடத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்வதை இன்றே செய்யுங்கள்.

வத்தலக்குண்டு மாமன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மேல்மலைப் பொண்ணு எழுதினதை அக்காவுக்குப் படிச்சுக் காட்டினேன். "கும்மி பாடுவாங்க"ங்கிற இடத்துல அக்கா அழுதுட்டா.

ஒரு சிக்கல். 14416க்குப் பேசலாம்தான், ஆனா எங்க பேசுறது? அவங்க வீட்டுக்குள்ள சிக்னல் வராது. பஸ் நிக்கிற மேட்டுக்கு வரணும். அங்க எப்பவும் நாலு பேர் உக்காந்திருப்பாங்க. அங்க நின்னுட்டு ஒரு பிள்ளை இதையெல்லாம் எப்படிப் பேசுவா?

கொடை டீச்சர்

இதற்குப் பள்ளியால் உதவ முடியும். எங்கள் பள்ளியில் ஒரு மாணவனுக்கு இப்படிச் செய்தோம்: மதிய இடைவேளையில் ஆய்வக அறை, கதவுக்கு வெளியே ஒரு ஆசிரியை, உள்ளே அவனும் போனும். யாரோடு பேசினான், என்ன பேசினான் என்று யாரும் கேட்கவில்லை. பாப்பாவின் பள்ளியில் அவளுக்குப் பிடித்த டீச்சர் யார் என்று அவளிடமே கேளுங்கள். நீங்களும் அம்மாவும் போய் அந்த ஒருவரிடமும் தலைமையாசிரியரிடமும் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். வகுப்பு முழுவதும் தெரிய வேண்டியதில்லை. ஒரு பெரியவருக்குத் தெரிந்திருந்தால் போதும். அவள் பாடத்தின் நடுவே எழுந்து வெளியே போனால், "எங்க போற?" என்று கேட்காமல் இருக்க ஒருவர் வேண்டும்.

மற்றவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். பொய்யும் வேண்டாம், முழு விவரமும் வேண்டாம். "அப்பா இறந்துட்டாரு. எப்படின்னு பேச எனக்கு இப்ப முடியல." இதுவே முழுப் பதில். இதை வீட்டில் உங்களிடம் சில தடவை சொல்லிப் பார்க்கட்டும். வாய்க்குப் பழகினால்தான் அந்த நேரத்தில் வரும். கூடப் படிக்கும் பிள்ளைகளில் யாராவது குத்திப் பேசினால் அதைச் சரிசெய்வது எங்கள் வேலை, அவள் வேலை அல்ல.

படிப்பைப் பற்றி இந்த ஆண்டு நெருக்காதீர்கள். 2025-26 முதல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை. மூச்சு விட ஓர் ஆண்டு கிடைத்திருக்கிறது. ஆனால் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிடாதீர்கள். துக்க வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு மணியடிக்கிற இடம் ஒன்று நல்லது.

தாண்டிக்குடி ஐயாவுக்கு ஒரு வார்த்தை. சின்னவன் பெரியவனானதும் தானாகத் தெரிந்துகொள்வான் என்றீர்கள். தானாகத் தெரிவதில்லை ஐயா. சண்டை போடும்போது எவனாவது ஒரு பையன் மைதானத்தில் வைத்துச் சொல்வான். அன்று அவனுக்கு அப்பா போனதும் தெரியும், வீட்டில் எல்லாரும் தன்னிடம் மறைத்ததும் தெரியும். இரண்டும் ஒரே நாளில்.

தாண்டிக்குடி காப்பிக்காடு

டீச்சர் சொன்ன கடைசி வார்த்தை என்னை உக்கார வச்சிருச்சு. எங்க பங்காளி வீட்டுல அப்படியே நடந்துச்சு. மைதானத்துல இல்ல, பண்ணைக்காடு பஸ்ஸுல. அந்தப் பையன் இன்னிக்கும் அவன் பெரியப்பனோட பேசுறதில்ல.

கல்யாணப் பேச்சு விஷயத்துல என் கவலை போகல. ஊர் அப்படித்தான் இருக்கு. ஆனா பையன்கிட்டச் சொல்றது சரிதான்னு படுது. சொல்றதா இருந்தா அவங்க சித்தப்பாவையும் பக்கத்துல வச்சுக்கிட்டுச் சொல்லுங்க. இல்லாட்டி "அன்னிக்குப் பொய் சொன்னவரு அவருதான்"னு அந்த மனுசன் மேல பழி விழுந்துரும். அவரும் அண்ணனைப் பறிகொடுத்தவருதானே.

வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா

துக்கம் பேசுற இடத்துல பணம் பேசுறேன்னு நினைக்காதீங்க. இப்படிப்பட்ட வீடுகள்ல பிள்ளைங்க ராத்திரி தூங்காம நினைக்கிறதுல பாதி, கடன்காரன் வருவானா, படிப்பு நிக்குமாங்கிறதுதான். பெரியவங்க வெளிப்படையாச் சொல்லிட்டா பயம் குறையும்.

இன்சூரன்ஸ்: இப்படி இறந்தா பணம் வராதுன்னு நினைச்சு நிறையப் பேர் பாலிசியைக் கேக்கவே மாட்டாங்க. அது தப்பு. ஆயுள் காப்பீட்டுல அந்த விலக்கு முதல் 12 மாசத்துக்குத்தான். அதுக்குள்ள நடந்திருந்தாலும் கட்டின பிரீமியத்துல 80 சதவீதமாவது நாமினிக்கு வரும். 12 மாசம் தாண்டி, பாலிசி நடப்புல இருந்தா முழுத் தொகை. எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று எல்லாத்தையும் பத்திரமா வைங்க. இதுக்காகக்கூட நெஞ்சுவலின்னு எங்கயும் எழுதிக் கையெழுத்துப் போட்டுறாதீங்க.

போலீஸ் வந்தது குடும்பத்து மேல சந்தேகம்னு இல்ல. பி.என்.எஸ்.எஸ்.ங்கிற புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 194ஆம் பிரிவுப்படி (முன்னாடி இருந்த சட்டமான சி.ஆர்.பி.சி.யில 174) இப்படிப்பட்ட எல்லாச் சாவுலயும் விசாரிச்சே ஆகணும்.

கடன்: மச்சான் வாங்கின கடனுக்கு அவர் விட்டுப்போன சொத்து வரைக்கும்தான் பொறுப்பு. அக்கா ஜாமீன் கையெழுத்துப் போடாத பட்சத்துல அவங்க சொந்தக் காசுலயிருந்து கட்ட வேண்டியதில்ல. பிள்ளைங்களுக்குச் சொந்தப் பொறுப்பு எதுவும் கிடையாது. வீட்டு வாசல்ல வந்து நிக்கிறவன்கிட்ட எந்தப் புதுத் தாளுலயும் கையெழுத்துப் போடாதீங்க.

திண்டுக்கல் கலெக்டர் ஆபீஸுல மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுல கேளுங்க. கணவனை இழந்த தாயோட இருக்கிற பிள்ளைக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்துல மாசம் 4,000 ரூபாய் உதவி இருக்கு. கிராமத்துல குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000க்குள்ள இருக்கணும். 18 வயசு வரைக்கும்.

பூண்டுக்காடு

நான்தான் அந்தப் பொண்ணு. மாமா போன்ல இதைப் படிக்கச் சொன்னாங்க. முழுசும் படிச்சேன்.

மேல்மலை அக்கா, நீங்க எந்த ஊருன்னு கேக்க மாட்டேன். ஆனா பேர் நீக்குறது பத்தி எழுதிருக்கீங்கள்ல, எங்க வீட்டுல இன்னும் அது பண்ணல. அம்மா தள்ளிப்போட்டுட்டே இருக்காங்க. ஏன்னு இப்பதான் புரியுது.

எனக்கு அப்பா மேல கோபமா இருக்கு. அதை வெளிய சொன்னா நான் கெட்டவன்னு நினைப்பாங்கன்னு சொல்லல. அவர் வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு ஏத்திட்டுப் போனா திரும்பி வரும்போது எனக்குன்னு தனியா முறுக்கு வாங்கிட்டு வருவாரு, தம்பிக்குத் தெரியாம. அதே ஆள் எப்படி இப்படிப் பண்ணாரு? ரெண்டும் ஒரே ஆள்தான்னு என்னால நினைக்க முடியல.

அன்னிக்கு போன் வந்தப்ப நான் தோழிகூடப் பேசிட்டு இருந்தேன். அப்புறமா கூப்பிட்டுக்கலாம்னு விட்டேன். இதை யார்கிட்டயும் சொன்னதில்ல.

இன்னொண்ணு கேக்கணும். இது ரத்தத்துல வருமா? எனக்கும் அப்படி ஆகுமா? ராத்திரியில இதுதான் ஓடிட்டே இருக்கு.

மேல்மலைப் பொண்ணு

தங்கச்சி, நீ எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். தோழிகூடப் பேசிட்டு இருந்தேன்னு சொன்னியே, பதினாறு வயசுப் பிள்ளை தோழிகூடப் பேசும். அப்பா போனை "அப்புறமா கூப்பிட்டுக்கலாம்"னு விடும். அப்பா எப்பவும் இருப்பாருன்னு நம்புற பிள்ளைதான் அப்படி விடும்.

எனக்கும் எங்கம்மா மேல கோபம் இருந்துச்சு. இப்பவும் சில நாள் வரும். பிரியமும் அப்படியே இருக்கு. ஒண்ணு இன்னொண்ணை அழிக்கல. முறுக்கு வாங்கிட்டு வந்தவரும் அவர்தான். அதை உன் தம்பிகிட்டச் சொல்லு, அவனுக்குத் தெரியாம வாங்கிக் குடுத்தாருன்னு. அவன் சண்டைக்கு வருவான், வரட்டும்.

மனநலப் பணியாளர், திண்டுக்கல்

பாப்பா, நீ கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். மனச்சோர்வு சில குடும்பங்களில் கொஞ்சம் கூடுதலாக வரலாம், சர்க்கரை நோய் வருவது போல. ஆனால் அப்பாவுக்கு நடந்தது உனக்கும் நடக்கும் என்று எந்த விதியும் இல்லை. பெற்றோரை இப்படி இழந்த பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் வளர்ந்து, வேலை பார்த்து, குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். உன் அப்பாவுக்கு இருந்த வேதனை யாருக்கும் தெரியாமலே போனது. உனக்கு ராத்திரியில் ஓடுவதை நீ இங்கே எழுதிவிட்டாய். இதை ஒரு மனநல மருத்துவரிடமும் ஒருமுறை நேரில் சொல். பைத்தியம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

ஒன்று கேட்க வேண்டும், தயங்காமல் சொல். சாக வேண்டும் என்ற எண்ணம் உனக்கு வருகிறதா? இங்கே எழுத வேண்டியதில்லை. மாமாவிடம் இன்றே சொல், அல்லது 14416இல் சொல்.

பூண்டுக்காடு

இல்லைங்க. பயம்தான் வருது. மாமாகிட்டயும் சொல்லிட்டேன். செவ்வாக்கிழமை கெமிஸ்ட்ரி மிஸ்கிட்ட நானே பேசுறேன்.

தம்பிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு மட்டும் சொல்லிக் குடுங்க. நான் சொல்லணுமா, அம்மா சொல்லணுமா?

கொடை டீச்சர்

அம்மா சொல்லட்டும் கண்ணு. நீ பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். அந்தச் சுமையும் உன் தலையில் வேண்டாம். வார்த்தை இப்படி இருக்கலாம்: "அப்பாவுக்கு நெஞ்சுவலின்னு சொன்னோம்ல, அது உண்மையில்ல சாமி. அப்பாவுக்கு ரொம்ப நாளா மனசுல நோவு இருந்துச்சு. அந்த நோவுல சரியா யோசிக்க முடியாம அவரே தன் உயிரை முடிச்சுக்கிட்டாரு. உன்னாலயும் இல்ல, அக்காவாலயும் இல்ல, என்னாலயும் இல்ல. அந்த நோவுக்கு வைத்தியம் இருக்கு. நம்ம யாருக்கு மனசு நொந்தாலும் சொல்லிக்கணும்." எப்படி இறந்தார் என்று கேட்டால் ஒரே வரியில் உண்மையைச் சொன்னால் போதும், விவரிக்க வேண்டாம். பகலில் சொல்லுங்கள், படுக்கப் போகிற நேரத்தில் வேண்டாம். சொன்ன உடனே அவன் விளையாட ஓடினாலும் ஆச்சரியப்படாதீர்கள். இந்த வயதுப் பிள்ளைகள் துண்டு துண்டாகத்தான் துக்கப்படுவார்கள். அதே கேள்வியை மறுபடி மறுபடி கேட்பான். ஒவ்வொரு தடவையும் அதே பதிலைச் சொல்லுங்கள்.

வத்தலக்குண்டு மாமன்

ஞாயித்துக்கிழமை காலையில மேல போறேன். சித்தப்பாகிட்டப் பேசிட்டேன், அவரும் உக்கார ஒத்துக்கிட்டாரு. முதல்ல கோபப்பட்டாரு, அப்புறம் "நானும் யார்கிட்டயாச்சும் பேசணும்யா"ன்னு சொன்னாரு. மதுரைக்கு அக்காவையும் அவரையும் ஒண்ணாவே கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன்.

குமாஸ்தா அண்ணே, மச்சான் பேருல எல்.ஐ.சி. பாலிசி ஒண்ணு இருந்ததா அக்கா சொல்றா, கல்யாணமான புதுசுல போட்டது. பத்திரம் பீரோவுல இல்ல. நம்பர் தெரியாம ஆபீஸுல போய்க் கேட்டா தேடித் தருவாங்களா? ஆதார் நம்பர் போதுமா, இல்ல வாரிசுச் சான்றும் வேணுமா? திங்கக்கிழமை கொடைக்கானல் தாலுகா ஆபீஸ் போறதுக்குள்ள தெரிஞ்சா நல்லது.